மாடிக்குப் போன நீல ஒயர்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த டிஸ்கின் இப்போதைய பெயர் என்ன என்று கம்ப்யூட்டர் என்னைக் கேட்டது. பெயரைச் சரியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு கை வைக்குமாம்.

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டேன். மதியம் ஒரு மணி இருக்கும். இறக்கி வைத்த சாம்பாரின் பெருங்காய வாசனை முன்னறை வரை வந்துகொண்டிருந்தது. டேபிள் ஃபேன் கம்ப்யூட்டர் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை, அதற்குச் சூடாகக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு மரியாதை.

என் நாத்தனார் ரேவதி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வாசற்படியில் நின்று, சந்தின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், நகரப் பேருந்தில் கண்டக்டர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வருவார். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"என்ன அண்ணி கேக்குது?"

"டிஸ்க் பேரு கேக்குது."

"அடிச்சிட வேண்டியதுதானே?"

"இருடி. ஒரு தடவை மாத்திட்டா பழையபடி ஆக்க முடியாதாம். உங்க சின்னண்ணன் நாலு தடவை சொல்லியிருக்கான்."

ரேவதி மறுபடி சந்தைப் பார்க்கத் திரும்பினாள். நான் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக, 'அண்ணன்' என்று இங்கிலீஷில் அடித்தேன்.

டிஸ்குக்குப் பெயர் வைத்தவன்

டிஸ்குக்கு அண்ணன் என்று பெயரா என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் என் கொழுந்தன் பாபுவிடம் போக வேண்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பாபுவுக்கு வேலை. ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் கம்ப்யூட்டரை உருவாக்கினான். அந்த மூன்று ஞாயிறும் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டிஸ்கை இரண்டு பாகமாகப் பிரித்து, முதல் பாகத்துக்கு அண்ணன் என்றும் இரண்டாவதற்குத் தம்பி என்றும் பெயர் வைத்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தண்ணீர் மோட்டார் வந்தது. அந்தச் சண்டையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன்பே விரிவாக எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்கு நாலு வரி போதும். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஒருநாள் யாரோ மோட்டாரைப் பாதியில் அணைத்துவிட்டார்கள். யார் அணைத்தது என்பதில் தொடங்கி, மாடியில் குடியிருக்கும் தம்பிக்குக் கீழே இருக்கும் அண்ணனிடம் மரியாதை இருக்கிறதா என்பது வரை பேச்சு வளர்ந்தது. "என் வாசப்படிய மிதிக்காதே" என்றார் இவர். "நீயும் மிதிக்காதே" என்றான் அவன். இன்றைக்கு வரை மோட்டாரை அணைத்தது யாரென்று தெரியாது. என் சந்தேகம் என் மேலேயே உண்டு.

எட்டு மாதம் இருவரும் பேசவில்லை. பாபுவும் அவன் மனைவி மஞ்சுளாவும் வெளிப்படிக்கட்டு வழியாக ஏறி இறங்குவார்கள். எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது தொண்டையைக்கூடக் கனைக்கமாட்டார்கள்.

மனிதர்கள்தான் பேசவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெயர்களை மாற்றச் சொல்லி இவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

யெம்மும் எம்மும்

ரேவதிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டதால் அவளுக்கு எல்லாமே பெரியண்ணன்தான். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

பெங்களூரில் எங்கே பார்த்தாலும் கால் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ரேவதியின் சிநேகிதி ஒருத்தி சேர்ந்துவிட்டாள். ரேவதியும் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய் எழுத்துத் தேர்வில் தேறி, குரல் தேர்வில் தோற்றுத் திரும்பினாள். அவளுடைய ஈமெயில் முகவரியை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்களாம். எம் வரும் இடத்திலெல்லாம் இவள் 'யெம்' என்றாளாம். எல்லுக்கு 'யெல்'. ஜீரோ வரவேண்டிய இடத்தில் என்ன வந்தது என்று அவள் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை வரலாம், அதிலும் தேறாவிட்டால் ஒரு வருடத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வருடம் என்பது அவளுக்கு ஒரு வருடம் இல்லை. தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் தன் காலில் நின்றுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. போதாக்குறைக்கு, முதல் தேர்வுக்குப் போனது தெரிந்தபோது இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"பொம்பளைப் புள்ளைய ராத்திரி வேலைக்கு அனுப்பற வீடா இது? ராத்திரி ரோட்டுல என்னென்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் பாக்கறவன்."

அவர் பார்க்கிறவர்தான். ஆனால் அன்றிரவு பாத்திரம் கழுவும்போது ரேவதி என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, எனக்கு இந்த வேலை வேணும்" என்றாள். அழவில்லை. கடையில் ஒரு சாமானைக் காட்டி இது வேணும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் திருத்த எங்கள் குடும்பத்தில் ஒரே ஆள்தான் உண்டு. மாடியில் இருக்கும் என் ஓரகத்தி மஞ்சுளா. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள்.

இரண்டு ஊர்

யோசனை பாபுவுடையது. வழியில் தங்கையைப் பார்த்து விஷயத்தைக் கேட்டிருக்கிறான். "நீ கீழ கம்ப்யூட்டர்ல பேசி ரெக்கார்டு பண்ணி வை. மஞ்சுளா மேல எங்க கம்ப்யூட்டர்ல இருந்து அதைத் திறந்து கேட்டுத் திருத்துவா. நடுவுல ஒரு ஒயர் போதும். யாரும் யார் வாசப்படியையும் மிதிக்க வேணாம்" என்றானாம்.

ரேவதிக்கு லீவு இருந்த ஒரு மதியம் மாடியிலிருந்து நீல ஒயர் ஒன்று இறங்கியது. கேபிள் டிவி ஒயரோடு சேர்த்து முடிந்து, ஜன்னல் வெண்டிலேட்டர் வழியாக உள்ளே விட்டிருந்தான். இவர் மூன்றாம் நாள்தான் அதைக் கவனித்தார். "டிவிக்காரன் புதுசு போட்டிருக்கானா? படம் நல்லாத் தெரியுது" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒயர் வந்தது, உறவு வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்க்க வேண்டுமானால் இரண்டும் ஒரே குழுவில் இருக்க வேண்டும், குழுவுக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும். "ஏரியா பேரையே ரெண்டு பேரும் போட்டுடுங்க, மறக்காது" என்று சொல்லிவிட்டுப் பாபு வேலைக்குப் போய்விட்டான்.

கல்யாணத்துக்கு முன் நான் ஓசூரில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்தவள். பிறந்த வீடு இருந்த அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஸ்ரீராம்புரம் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். மேலே மஞ்சுளாவும் அடித்தாள். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்து மறுபடி போட்டோம். என் திரையில் என்னுடையது மட்டும்தான் தெரிந்தது. அவள் திரையில் அவளுடையது.

ஒயரைப் பிடுங்கிச் செருகினோம். மறுபடி அணைத்துப் போட்டோம். ரேவதி பின்னால் ஒரு சின்ன விளக்கு எரிவதைக் கண்டுபிடித்து, உயிர் இருக்கிறது அண்ணி என்றாள். ஆனாலும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. வீட்டு மனுஷர்கள் புத்தி இதுகளுக்கும் ஒட்டிக்கொண்டதா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசியில் நான் படிக்கட்டின் கீழே போய் நின்றேன். மஞ்சுளா மேல்படியில் வந்து நின்றாள். சட்டப்படி யாரும் யார் வாசலையும் மிதிக்கவில்லை.

"என்ன பேரு அடிச்ச மஞ்சுளா?"

"நம்ம ஏரியா பேருதான் அக்கா."

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு."

அவள் டீச்சர் குரலில் சொல்ல ஆரம்பித்தாள். எஸ், ஆர், ஐ, ஆர், ஏ, எம், பி, யு, ஆர், ஏ.

"அப்புறம்?"

"அப்புறம் ஏனு? அஷ்டே, அவ்வளவுதான்."

"கடைசி எம் எங்க?"

"எந்த எம்?"

"புரம்மு. ம்மு எங்க?"

"ஐயோ அக்கா, ஸ்ரீராம்புரா! பஸ் போர்டுல பாருங்க, கடைசில எம்மே இருக்காது."

மஞ்சுளா மைசூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அவளுக்கு இந்த ஊர் ஸ்ரீராம்புரா. எனக்கு ஸ்ரீராம்புரம். ஒரே சந்து, ஒரே வீடு, ஒரே தண்ணீர் மோட்டார். ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் நாங்கள் மதியம் முழுக்க இரண்டு வேறு ஊர்களில் உட்கார்ந்திருந்தோம். ரேவதி படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தோல்விக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

யார் விட்டுக்கொடுப்பது என்று ஒரு நிமிஷம் யோசனை. வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு வீம்பு இருந்தது. நான் போய் என் எம்மை அழித்துவிட்டேன்.

மறுபடி போட்டபோது என் திரையில் இரண்டு கம்ப்யூட்டர் தெரிந்தது.

பாட்டுக்கு நடுவே ஒரு விளம்பரம்

விண்டோஸில் குரலைப் பதிவு செய்ய ஒரு சின்னச் செயலி உண்டு. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்தான் பேசலாம், அதற்கு மேல் அதுவே நின்றுவிடும். ரேவதி ஆபீஸிலிருந்து வந்ததும் அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, "தேங்க் யூ ஃபார் காலிங்" என்று ஆரம்பிப்பாள். ஃபோல்டரில் போட்டு வைப்பாள். மேலே மஞ்சுளா அதைத் திறந்து கேட்டு, தன் குரலில் ஒரு நிமிஷம் திருத்தம் சொல்லி அதே ஃபோல்டரில் போடுவாள். சட்டென்று பாதி வார்த்தையில் அறுந்துபோகும். மீதி மறுநாள் வரும்.

நானும் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். "ய வேண்டாம் ரேவதி. எம். உதடு மூடித் திறக்கணும், அஷ்டே" என்று மஞ்சுளா சொல்லும்போது, அடுப்படியில் நானும் உதட்டை மூடித் திறந்து பார்ப்பேன். எனக்கு இன்றைக்கும் யெம்தான் வருகிறது.

வம்பு வந்தது இவருடைய பாட்டுப் பைத்தியத்தால். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது இரண்டுதான். சீட்டாட்டம், பாட்டு. பாபு ஆளுக்கொரு பெயரும் படமும் போட்டுத் தனித்தனியாக நுழையும்படி செய்திருந்தான். இவருக்குப் பந்து, ரேவதிக்குப் பட்டாம்பூச்சி. ஆனால் அது வாசலில் மாட்டிய படம் மட்டும்தான். உள்ளே போய்விட்டால் யார் பெட்டியையும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பாட்டுப் போடும் செயலியோ, கம்ப்யூட்டரில் இருக்கும் ஒலியையெல்லாம் தேடிச் சேர்க்கட்டுமா என்று கேட்டது. இவர் சரி என்று அழுத்திவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை, பழைய பாட்டு ஒன்று முடிந்த கையோடு ரேவதியின் குரல் கணீரென்று வந்தது. தேங்க் யூ ஃபார் காலிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ.

நான் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். ரேவதி குளியலறைக் கதவைத் திறக்கவே இல்லை.

"சே, இந்தத் திருட்டு சி.டி.யில எல்லாம் நடுவுல விளம்பரம் போட்டுடறானுங்க" என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார் இவர்.

சொந்தத் தங்கையின் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அளவுக்கு மஞ்சுளா தேற்றியிருக்கிறாள் என்று சந்தோஷப்படுவதா, அடுத்த தடவை மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுவதா என்று தெரியவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அந்த ஃபோல்டரைப் பூட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். இதை எனக்கு மட்டும் ஆக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அது மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. பாபுவிடம் கேட்டு அனுப்பினேன். "அண்ணி, அந்த டிஸ்க் பழைய முறையில இருக்கு, ஃபேட். அதுக்குப் பூட்டே கிடையாது. என்.டி.எஃப்.எஸ்.னு புது முறைக்கு மாத்தணும். உள்ள இருக்கறது எதுவும் அழியாது. ஆனா மாத்தினா மாத்தினதுதான், திரும்ப வராது. நடுவுல மட்டும் கரண்ட் போகக் கூடாது" என்று ஒரு சீட்டில் கட்டளையை எழுதிக் கொடுத்தான்.

இப்படித்தான் அந்த மதியம் நான் கறுப்புத் திரைக்கு முன்னால் வந்து சேர்ந்தேன்.

நூற்றுக்கு எத்தனை

பெயரை ஏற்றுக்கொண்டது. டிஸ்க் வேலையில் இருக்கிறது, அடுத்த தடவை போடும்போது மாற்றட்டுமா என்றது. சரி என்றேன். அணைத்துப் போட்டேன். நீலத் திரை வந்தது. முதலில் எதையெதையோ சரிபார்த்தது. பிறகு மாற்றத் தொடங்கி, நூற்றுக்கு எத்தனை என்று காட்டிக்கொண்டே போனது.

யு.பி.எஸ். பெட்டி மேஜைக்குக் கீழே இருந்தது. அதன் பேட்டரி செத்து ஆறு மாதம். சும்மா வைத்திருந்தோம்.

முப்பது வரும்போது ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. டியூப் லைட் மங்கியது. ரேவதி என் தோளைப் பிடித்தாள். உள்ளே அவளுடைய ஒரு மாதக் குரல் இருந்தது. இவருடைய பாட்டுகள் இருந்தன. நான் வீட்டிலிருந்தே செய்துகொடுத்த பத்திரிகை வேலைகள் இருந்தன. போனால் எல்லாம் ஒன்றாகப் போகும். எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன். அவர்களில் யாருக்கு டிஸ்க் பற்றித் தெரியும் என்று தெரியவில்லை.

ஃபேன் மறுபடி வேகம் பிடித்தது. நாற்பது. ஐம்பத்தெட்டு. சந்தில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். எண்பது. நூறு. தானாக அணைந்து, தானாக எழுந்து, பந்தும் பட்டாம்பூச்சியும் பழையபடி வந்தன. எல்லாம் அப்படியே இருந்தது.

பட்டாம்பூச்சியை அழுத்தி உள்ளே போய், ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். கட்டம் இப்போது பளிச்சென்றிருந்தது. ரேவதி அதில் ஒரு டிக் போட்டாள். இருவரும் பெருமூச்சு விட்டோம்.

அடுத்த நிமிஷம் படிக்கட்டிலிருந்து மஞ்சுளாவின் குரல் வந்தது.

"அக்கா, ஃபோல்டர் காணோம்!"

எனக்கு மட்டும் என்று டிக் போட்டால், மற்றவர்களோடு பகிர் என்ற டிக் போய்விடுமாம். இரண்டில் ஒன்றுதான். அண்ணனுக்குப் பூட்டினால் மாடி அண்ணிக்கும் பூட்டு. இத்தனை பாடுபட்டு, திரும்பி வராத வேலையைச் செய்து, கடைசியில் இதற்கா என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ரேவதி மறுபடி மௌஸைப் பிடித்தாள். பிறகு டிக்கை எடுத்துவிட்டாள். ஃபோல்டரை மறுபடி பகிர்ந்தாள்.

"அண்ணன் கேட்டுட்டார்னா?"

"கேட்டா கேக்கட்டும் அண்ணி. இன்னும் நாலு நாள் இருக்கு. எனக்கு இப்ப பூட்டைவிட மஞ்சுளா அண்ணிதான் வேணும்."

அது விளம்பரம் இல்லைங்க

இரண்டே நாள் தாங்கியது. சாப்பிட்டுவிட்டு இவர் பாட்டுப் போட்டார். ரேவதி ஆபீஸில் இருந்தாள். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு, தேங்க் யூ ஃபார் காலிங்.

"இந்த விளம்பரம் மறுபடியும் வருது பாரு அமுதா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. டிவிக்காரன் ஒயர் என்று ஒரு பொய் சொல்லி அதற்கே ஒரு மாதமாகக் காவல் இருந்தேன். இன்னொன்றுக்கு என்னிடம் தெம்பில்லை.

"அது விளம்பரம் இல்லைங்க. உங்க தங்கச்சி."

அவர் பாட்டை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், மாடி, தேர்வு, வெள்ளிக்கிழமை. நான் உடந்தை என்பதையும் சொன்னேன். அவர் முகம் இறுகியது. கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, மொதல்ல இருந்து போடு" என்றார்.

ஒவ்வொரு நிமிஷமாகக் கேட்டார். முதல் நாள் ரேவதி திக்கியது. யெம். அதை மஞ்சுளா திருத்தியது. மறுபடி யெம். மறுபடி திருத்தம். எத்தனை கேட்டார் என்று எனக்குக் கணக்கில்லை. காப்பி போட்டு வைத்தேன், ஆறிப்போனது.

நடுவில் நான் கேட்டிராத ஒன்று வந்தது. மஞ்சுளாவின் குரல்.

"ரேவதி, நீ பயந்து வாயை மூடிக்கிட்டே பேசற. உங்க பெரியண்ணா பஸ்ல ஸ்டாப் பேர் சொல்றதைக் கேட்டிருக்கியா? நான் ஸ்கூலுக்கு அந்த பஸ்லதான் போறேன், தினா கேக்கறேன். கடைசி சீட்ல தூங்கறவன்கூட எழுந்திருவான். ஒவ்வொரு எழுத்தும் முழுசா வரும். ஆனா யாரையும் திட்டற மாதிரி இருக்காது. நிதானமா, மரியாதையா இருக்கும். அந்த மாதிரி பேசு. நான் டீச்சர்தான், ஆனா எனக்கே அப்படி வராது. நம்ம வீட்லயே அவருக்குத்தான்..."

ஒரு நிமிஷம் முடிந்து அறுந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அவ தினமும் என் பஸ்ல ஏறுறா. டிக்கெட் கிழிச்சுக் குடுப்பேன். மூஞ்சியப் பாத்ததில்ல."

"அவ பாத்திருக்கா."

"இதோட மீதி எங்க?"

தேடினோம். மறுநாள் பதிவில் மஞ்சுளா வேறு பாடத்துக்குப் போய்விட்டிருந்தாள். மீதி எங்கேயும் இல்லை. இவர் அந்த ஒரு நிமிஷத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய், அடுப்பே எரியாத இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ரேவதி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார் அண்ணன்.

"பத்து மணிக்குண்ணா."

"அன்னைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட். கூட வரேன்."

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பயந்து பேசாத. கடைசி சீட்ல ஒருத்தன் தூங்கறான்னு நெனச்சுக்கோ" என்றார்.

முதல் நாள்

ரேவதி தேறினாள். எழுத்துக் கூட்டச் சொன்னபோது அவள் சொன்ன எம், அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்ற அண்ணனுக்கே கேட்டிருக்கும் என்று அவள் பீற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இவர் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கம்பெனிக்காரர்களால்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது. வண்டி யாருடையது, முதலில் யாரை ஏற்றுவான், கடைசியில் யாரை இறக்குவான், எந்த ரோட்டில் வருவான். சம்மதம் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. கேள்விகளையே நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி வரும் என்றார்கள். எங்கள் சந்தில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். அதனால் மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். ரேவதி புதுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். நானும் இவரும் கூடப் போனோம். சந்து முனையில் பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் பாபு ஏற்கெனவே நின்றிருந்தான். கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருக்கிறான். இவர் பூக்கூடைக்கு இந்தப் பக்கம் நின்றார். அவன் அந்தப் பக்கம். பூக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெள்ளை வண்டி வந்தது. ரேவதி எங்கள் மூன்று பேரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கதவு மூடியது.

"பாபு" என்றார் இவர், ரோட்டைப் பார்த்தபடி. "வண்டி நம்பர எழுதிக்கோ."

எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. பாபு ஒரு விநாடி திகைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினான்.

"எழுதிட்டேண்ணா."

"டிரைவர் பேரு?"

"வந்த உடனே கேட்டு வச்சிட்டேன்."

வண்டி திரும்பி மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"சரி, வா. மஞ்சுளாவையும் கூட்டிட்டு வா. கீழ சாப்பிடலாம்."

நான் அவர்களை முந்திக்கொண்டு சந்துக்குள் வேகமாக நடந்தேன். வீட்டில் இரண்டு பேருக்குத்தான் சோறு இருந்தது.